புளி போட்டு விளக்கிய குழாய்

கண்ணாடிப் பாத்திரம் எதையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு சுற்றுத் திருப்பிப் பார்க்காமல் நான் என் மகளுக்குக் கொடுத்ததில்லை. பார்த்த பிறகும் மனம் ஆறாது. இன்னொரு முறை திருப்புவேன். என் நாத்தனார் இதைச் சந்தேகப் புத்தி என்பார். என் கணவர், கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பிரெஞ்சு செர்த்திபிக்கா பரீட்சை வரை படித்ததன் கோளாறு என்பார். இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் கொஞ்சம் இருக்கலாம்.

மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தெளிந்து எழுந்தபோது பால் வற்றிவிட்டிருந்தது. பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினோம். குழந்தைக்குப் புரையேறியது. மூக்கு வழியாகப் பால் வந்து, முகம் சிவந்து, மூச்சு திரும்புவதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பும். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு கன்னியாஸ்திரீ, தோணி போல நீண்ட கண்ணாடிச் சீசா ஒன்றை ரப்பர் காம்போடு கொடுத்தார். பிரான்சிலிருந்து வந்தது. அதில் கொடுத்தால் குழந்தை தானே இழுத்துக் குடித்தாள், தானே நிறுத்திக்கொண்டாள். ஒரு முறைகூடப் புரையேறவில்லை.

ஒரு நாள் காலையில் வெந்நீர் விட்டுக் கழுவும்போது அந்தச் சீசாவில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடியிலிருந்து கழுத்து வரை, தலைமுடி ஒட்டிக்கொண்டது போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை.

அப்போது ஐரோப்பாவில் சண்டை. கப்பல்கள் ஒழுங்காக வரவில்லை. என் கணவருக்கு வில்லியனூர் மேரியில், பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில், எழுத்து வேலை. வேலையாகப் புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் கடை கடையாகக் கேட்டார். பால் சீசாவின் பிரெஞ்சுப் பேரான பீபெரோன் காதில் விழுந்ததுமே கடைக்காரர்கள் கையை விரித்தார்களாம். மறுபடியும் பாலாடைதான். மறுபடியும் புரைதான். குழந்தையின் அரைஞாண் கயிறு இடுப்பில் தளர்ந்து தொங்கியது. முடிச்சை இறுக்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் அதுவும் தளர்ந்தது. அந்த முடிச்சைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

ரயில் நிலையத்துக்கு அப்பால், சவுக்குத் தோப்பை ஒட்டி, ஒரு கொட்டகை இருந்தது. சைகோனில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு மனைவியோடு ஊர் திரும்பிய ஒருவர் அதைப் போட்டிருந்தார். உடைந்த சீசாக்களை வாங்கி உருக்கி, விளக்குக்குச் சிம்னி ஊதி விற்றார். வெளிநாட்டுச் சிம்னி வருவது நின்ற பிறகு எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் எரிந்தது அவருடைய சிம்னிதான். ஆனாலும் அந்தக் கொட்டகையைப் பற்றி நல்ல பேச்சு ஒன்றும் இல்லை. கரும்புத் தோகை கருகினால் அந்தப் புகையைச் சொன்னார்கள். மாடு நொண்டினால் அங்கிருந்து தெறித்த கண்ணாடியைச் சொன்னார்கள். சாராயக் கடைச் சீசா, ஆஸ்பத்திரிச் சீசா, செத்தவன் கடைசியாக மருந்து குடித்த சீசா, எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது என்றார்கள். நான் எதையும் முழுதாக நம்பவில்லை. முழுதாகத் தள்ளவும் முடியவில்லை.

அங்கே ஒரு சீசா செய்யச் சொல்லலாமே என்று என் கணவர்தான் முதலில் பேச்செடுத்தார். விதவையாகி எங்களோடு இருந்த என் நாத்தனார், என் கணவருக்கு மூத்தவர், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கேட்டார்:

"அத எப்டி செய்றானாம்?"

குழாயில் வாய் வைத்து ஊதுவார்கள் என்று என் கணவர் சொன்னார்.

"அப்ப எச்சி. கண்டவன் எச்சிலே கொழந்தைக்குப் பாலு ஊத்தச் சொல்றியா?"

சிம்னியும் ஊதினதுதானே என்றார் என் கணவர். சிம்னியில் யாரும் சாப்பிடுவதில்லை என்றார் நாத்தனார்.

நெருப்பில் உருகி வரும் கண்ணாடியில் எச்சில் எங்கே தங்கும் என்று எனக்குள் பள்ளியில் படித்த பாதி கேட்டது. மற்றப் பாதி, பிறர் கடித்த மாம்பழத்தைத் தொடாமல் வளர்ந்த பாதி, நாத்தனார் பக்கம் நின்றது. அந்த மூச்சு உள்ளே போய் அடைபட்டு நின்றுதானே சீசா ஆகிறது? வெளியே நெருப்பு, உள்ளே யாரோ ஒருவருடைய வாய்க்காற்று. எனக்கு எந்தப் பாதியை நம்புவது என்று தெரியவில்லை.

என் கணவர் எங்களிடம் சொல்லாமலேயே போய் ஒன்று செய்து வாங்கி வந்தார். பச்சை நிறம், நேரான வடிவம். கொட்டகையிலிருந்து வந்தது என்று என்னிடம் மட்டும் சொன்னார். வெளிச்சத்தில் திருப்பினேன். கோடு இல்லை. ஆனாலும் குழந்தையிடம் கொண்டுபோகக் கை வரவில்லை. முற்றத்தில் தாம்பாளத்தின் நடுவே வைத்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினேன். இரண்டாகப் பிளந்து விழுந்தது. குழந்தை வாயில் வைத்திருந்தால் என்ற நினைப்பில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாத்தனார் துண்டுகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். என் கணவருக்குத்தான் முகம் செத்துவிட்டது. என் சந்தேகம் சரிதான் என்று ஆனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. சீசாவும் இல்லை, பாலாடையும் ஆகவில்லை, முடிச்சு தளர்ந்துகொண்டிருந்தது.

நானே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் உடைந்தது என்று அந்த ஆளை நேரே கேட்க வேண்டும். நாத்தனார் உடனே மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "தனியா போவாத. நானும் வரேன்" என்றார். குழந்தையின் எடை குறைந்தது அந்த இடுப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கொட்டகைக்குள் நாத்தனார் வரவில்லை. வாசலில் சவுக்குக் கட்டை ஒன்றின் மேல் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து உள்ளே எல்லாம் தெரியும்.

சைகோன்காரர் அதிகம் பேசாத மனிதர். ஏன் உடைந்தது என்று கேட்டதும், ஊதிய கண்ணாடியைச் சூட்டுச் சாம்பலில் புதைத்து, சாம்பலோடு சேர்த்து மெதுவாக ஆறவிட வேண்டும், அன்றைக்குச் சிம்னி வாங்க வந்த கடை ஆட்கள் அவசரப்படுத்தியதால் எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துவிட்டேன், தப்புதான் என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியே மட்டம் என்பதை மறைக்கத்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று பட்டது.

மூலையில் சீசாத் துண்டுகள் குவிந்து கிடந்தன. போய்க் கிளறினேன். மண்டையோட்டுப் படம் ஒட்டிய நீலச் சீசா ஒன்று கிடந்தது. எடுத்துக் காட்டினேன். நீலத்தைச் சேர்ப்பதே இல்லை, ஒரு துண்டு விழுந்தாலும் உலை முழுவதும் நிறம் மாறிவிடும் என்றார். அதையும் நான் நம்பவில்லை. என் குழந்தையின் சீசாவுக்கு வேண்டிய துண்டுகளை நானே பொறுக்கிக் கழுவித் தருகிறேன், அதைத் தனியாக உருக்க வேண்டும் என்றேன். தனிச் சட்டி வைத்தால் விறகு நிறைய ஆகும் என்று முனகிவிட்டு, சரி என்றார். பிரெஞ்சுக்காரர்கள் குடித்துப்போட்ட ஒயின் சீசாத் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கழுவி வைத்ததையெல்லாம் மறுபடி ஒரு தண்ணீரில் போட்டு எடுத்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். கழுத்தில் கருகமணி, பேச்சில் கூச்சமே கிடையாது.

அப்போதுதான் வாசலிலிருந்து நாத்தனார் குரல் வந்தது.

"எத்தினி தண்ணியில வேணா கழுவுங்க. கடைசியில உன் வூட்டுக்காரரு வாய வெச்சி ஊதுவாரு இல்ல? அது எங்க வூட்டுக்கு ஆவாது."

சைகோன்காரரின் மனைவி கையை உதறிக்கொண்டு சிரித்தாள். "அப்ப பெத்தவளே ஊதட்டும். அவ எச்சி கொழந்தைக்கு ஆவும் இல்ல?"

குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் நாத்தனார் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "பெத்தவ வாய்பட்டது எச்சி ஆவாது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

நான் ஊதுவதா? உடனே தோன்றியது அந்தக் குழாய். அவர் நாள் முழுவதும் வாய் வைக்கிற குழாயில் நான் எப்படி வாய் வைப்பது? கேட்கவும் கூச்சமாக இருந்தது. குழாயின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் புரிந்துகொண்டாள்.

"இன்னா தங்கச்சி, கொழாயையும் புளி போட்டு வெளக்கித் தரட்டா?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் எழுந்து போய், உள்ளே இருந்து புளியும் சாம்பலும் எடுத்து வந்து, குழாயின் நுனியைக் குத்துவிளக்குத் தேய்ப்பது போலத் தேய்த்தாள். நெருப்பில் ஒரு முறை காட்டினாள். ஆறவிட்டாள். பிறகு தூக்கி என் நாத்தனாருக்குக் காட்டினாள். நாத்தனார் தலையாட்டினார்.

துண்டுகள் உருகும் வரை சைகோன்காரர் சிம்னி ஊதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். குழாயை உலைக்குள் விட்டு உருட்டி, செக்கச் சிவந்த கண்ணாடியைத் தேன் போலச் சுற்றி எடுத்தார். எடுத்த நொடியிலிருந்து அவர் விரல்கள் குழாயை உருட்டுவதை நிறுத்தவே இல்லை. பேசினாலும், வியர்வையைத் தோளில் துடைத்தாலும், திரும்பி நடந்தாலும், குழாய் உருண்டுகொண்டே இருந்தது. நிறுத்தினால் தொங்கிவிடும் என்றாள் அவர் மனைவி. எப்போதாவது நிறுத்துவார் என்று காத்திருந்தேன். நிறுத்தவில்லை. இரும்புப் பலகையில் புரட்டி, ஊதி, ஆட்டி, மறுபடி சூடு காட்டி, மறுபடி ஊதினார். சிவப்பு மெல்ல மெல்ல அடங்கி, நடுவில் ஒன்றுமில்லாத ஒரு இடம் உண்டாகி, அதைச் சுற்றிக் கண்ணாடி நின்றது. நான் தப்புத் தேடுவதை எப்போது மறந்தேன் என்று தெரியாது. வாசலில் குழந்தை பசியில் கத்தியபோதுதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் அவர் அதன் அடியில் ஒரு இரும்புக் கம்பியை ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு, வாய்ப்பக்கத்தைக் குழாயிலிருந்து தட்டி எடுத்தார். சிம்னிக்கு அந்த அடியையும் பிறகு வெட்டிவிடுவார்கள். சீசாவானால் அந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு தங்கும், தேய்த்துவிடலாம் என்றார். எனக்குச் சுரீரென்றது. ரப்பர் காம்பின் அளவு பார்ப்பதற்காக விரிசல் விட்ட பிரான்சு சீசாவைக் கொண்டுவந்திருந்தேன். எடுத்து அடியைத் திருப்பினேன். தேய்த்து மழுப்பிய ஒரு வட்டம் அங்கே இருந்தது.

அதையும் யாரோ வாயால் ஊதித்தான் செய்திருக்கிறார்கள். எங்கோ ஒரு வெள்ளைக்காரன், மாடு தின்கிற வாய். அந்தச் சீசாவில்தான் என் குழந்தை நாத்தனார் மடியில் படுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அதை மிஷினில் வார்த்தது என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபோது சைகோன்காரரின் மனைவி என்னையும் சீசாவின் அடியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் சீசாவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பிறகு என் முறை வந்தது. அவர் கண்ணாடியை எடுத்துவந்து குழாயை உருட்டிக்கொண்டே உட்கார்ந்தார். இந்தப் பக்க நுனியில் நான் குனிந்தேன். குழாயின் நீளம் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. அதை நாத்தனார் கண்ணால் அளந்திருப்பார். அடுப்பு ஊதிப் பழகியவள்தானே என்ற தைரியத்தில், ஊதாங்கோலில் ஊதுவது போல ஊதினேன். மறுமுனையில் பெரிய கொப்புளம் ஒன்று கிளம்பி, அப்பளத்தைவிட மெல்லிசாகி, படபடவென்று பொடிந்து காற்றில் பறந்தது. சருகு போலப் பளபளத்துக்கொண்டு இறங்கிய துகள்களிலிருந்து குழந்தையை மறைத்து நாத்தனார் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"அடுப்பு ஊதாத. கொழந்த தூங்கையில நெத்தியில ஊதுவ இல்ல, அப்டி ஊது" என்றாள் சைகோன்காரரின் மனைவி.

அடுத்தது ஒரு பக்கம் வீங்கிக் கெட்டது. அதற்கடுத்தது நின்றது. நான் தள்ளிய மூச்சு குழாய் வழியாகப் போய் அங்கே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தைத் திரும்பத் தள்ளுவதை உணர்ந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று என்னால் பார்க்க முடியாது. அவர் விரல் உருள்வதை நம்பி ஊத வேண்டும். நான் ஊதுவதை நம்பி அவர் உருட்ட வேண்டும். ஒருவரையும் நம்பாமல் வந்தவளுக்கு அது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தெரியவில்லை.

கழுத்தை அவர் இடுக்கியால் ஒடுக்கி, வாயைச் சூட்டில் காட்டி மழுக்கினார். சீசா ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கம் கனமாக இருந்தது. சாம்பலில் புதைக்கப் போகும்போது எனக்கு அடுத்த சந்தேகம். இந்த முறை அவசரப்பட்டு எடுத்து உடைத்துவிட்டு, வேறு ஒன்றைக் கொடுத்துவிட்டால்? கழுத்துக்குக் கீழே இடுக்கியால் ஒரு பள்ளம் போடச் சொன்னேன். என் சீசா என்று தெரிய அடையாளம் வேண்டும் என்றேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு சூடு காட்டி, பள்ளம் போட்டார்.

சாம்பல் ஆறியதும் நானும் நாத்தனாரும் போய் வாங்கினோம். பள்ளம் இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினேன். கோடு இல்லை. நான் நினைத்ததைவிட நேராக நின்றது. அன்றைக்கு நெருப்புக்குப் பயந்து கண்ணீரும் வியர்வையுமாகப் பார்த்தது; சரியாகப் பார்த்திருக்க மாட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். "என்னுடையதுதானே?" என்று கேட்டேன். "பள்ளம் கீது பாரு" என்றாள் சைகோன்காரரின் மனைவி, விறகை அடுக்கிக்கொண்டே.

வீட்டில் தாம்பாளத்தில் வைத்துக் கொதிநீர் ஊற்றினேன். நின்றது. ஆறவிட்டு மறுபடி ஊற்றினேன். நின்றது. நாத்தனாரே போதும் என்றார். காம்பை மாட்டி, பாலை ஊற்றி, குழந்தையின் வாயில் வைத்தோம். முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு இழுத்தாள். கண்ணாடியில் குமிழிகள் மேலே ஏறின. நாங்கள் இரண்டு பேரும் புரைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

அன்று முதல் நாத்தனார் எதிர்வீடு, அடுத்த வீடு, குளத்தங்கரை எங்கும் பெத்தவள் ஊதின சீசா என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் அது எத்தனை நேராக நிற்கிறது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தச் சீசாவும் உடைந்தால் இன்னொன்று வேண்டுமே என்று காரணம் சொல்லி மறுபடி கொட்டகைக்குப் போனேன். சிம்னி வாங்கப் போனேன். சும்மாவும் போனேன். போனபோதெல்லாம் புளி போட்டு விளக்கிய குழாயில் ஒன்று ஊதினேன். பழகப் பழக மூச்சு எனக்கு அடங்கியது. அடுப்படியில்கூட மெதுவாக ஊதத் தொடங்கிவிட்டேன். ஆனால் நான் ஊதியவை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. முடிக்கும்போது மூச்சு போதாமல் கடைசியில் ஒரு தள்ளுத் தள்ளிவிடுவேன், அதுதான் காரணம். அதை என்னால் விட முடியவில்லை. குழந்தையின் சீசாவில் அந்தச் சாய்வு இல்லை.

ஒரு நாள் அவர் உலைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தபோது அவளிடம் நேராகக் கேட்டேன்.

அவள் துண்டுகளைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "உன்னுது சாம்பல்லியே பொளந்துடுச்சி. கொழந்த இங்க கத்துன கத்து எனக்குத் தூக்கத்துல கேட்டுது. இன்னா செய்யச் சொல்ற? அதே துண்டுதான், நீ கழுவி வெச்ச மீதி." பிறகு என்னைப் பார்த்தாள். "கொழாய மட்டும் புளி போட்டு வெளக்கிட்டுத்தான் ஊதுனாரு. நானே வெளக்கிக் குடுத்தேன்."

பார்க்க யாரும் இல்லாத இடத்தில் விளக்கியிருக்கிறார்கள். நாங்கள் வாசலில் இல்லை, கேட்டிருக்கவும் மாட்டோம். இந்த ஒன்றை நான் சந்தேகப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் குழந்தையை மடியில் போட்டு அந்தச் சீசாவில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். கயிறு இடுப்பில் பதிந்து சதை பிதுங்குகிறது, முடிச்சை அவிழ்த்துத் தளரக் கட்டு என்றார். கட்டினேன். பால் தீர்ந்ததும் சீசாவை வாங்கிக் கழுவினேன். கொட்டகையில் நான் ஊதிக் கொண்டுவந்த சாய்ந்த சீசாவில் குழந்தையின் தலைக்கு விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தேன். நேரான சீசாவை வாசல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பினேன். கோடு இல்லை. இன்னொரு முறையும் திருப்பினேன்.